கரடிக்குத் திறக்காத பெட்டி

கடிகாரக்காரர் அன்றைக்குக் காட்டில் இரண்டே எதிரிகளைத்தான் எதிர்பார்த்தார். ஒன்று கரடி. இன்னொன்று, காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி. மூன்றாவதாக ஓர் இரும்புப் பெட்டி வந்து சேரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பந்தயம் வீட்டின் பின்னறைக்கு. அங்கே அவர் பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். மனைவிக்கோ அங்கே தையல் வகுப்பு நடத்த வேண்டும். வருஷக்கணக்காக இழுத்த வழக்கு. கடைசியில் இவர்தான் வாயைக் கொடுத்தார். தேசியப் பூங்காவில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குவோம், விடியும்வரை உன்னிடம் ஒரு உதவியும் கேட்கமாட்டேன், கேட்டால் அறை உனக்கு என்றார். அவள் உடனே சரி என்றாள். அப்போதே இவர் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

கூடாரம் போடும் யோசனைகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மேட்டு நிலமாகப் பார்த்தார். பட்டுப்போன கிளைக்கு அடியில் இடம் பிடிக்கவில்லை. கூடாரம் கொஞ்சம் ஒருக்களித்து நின்றது, ஆனாலும் நின்றது. அந்த வெற்றியில் ரொட்டியைப் பிய்த்து ஜாமில் தோய்த்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு ரொட்டி, ஜாம், பழம், பற்பசை, சோப்பு, வேகத்தில் ஸ்வெட்டர் பை உட்பட எல்லாவற்றையும் வாசனைக்குக் கரடி வராமலிருக்கப் பூங்காக்காரர்கள் வைத்திருந்த இரும்புப் பெட்டிக்குள் திணித்து மூடினார். டொக்கென்று பூட்டிக்கொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் பசி வந்தது. பெட்டி திறக்கவில்லை.

கரடியால் திறக்க முடியாதபடி செய்த பெட்டி அது. கைப்பிடி கிடையாது, ஓர் ஓட்டை மட்டும். பூங்காவுக்குள் நுழையும்போதே வனக்காவலர் அம்மா அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இயந்திரம் என்றால் என் தொழிலே அதுதான் என்று இவர் பாதியில் நகர்ந்துவிட்டார். மனைவி மட்டும் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அது இப்போது ஞாபகம் வந்து இவருக்கு நெஞ்சு எரிந்தது.

லென்ஸைக் கண்ணில் செருகினார். சின்ன இடுக்கியை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினார். எத்தனையோ கடிகாரங்களுக்கு நாடி பிடித்த கை. பெட்டி மசியவில்லை.

"பசிக்குதாங்க?" என்றாள் மனைவி. முகத்தில் ஒரு சிரிப்பு.

"இல்லையே. உனக்கு?"

"நான் வர்ற வழியிலேயே சாப்பிட்டுட்டேன்."

"கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அவ்வளவுதான்."

"இருக்கட்டும். நான் ஏதாவது கேட்டேனா?"

அந்தச் சிரிப்பு அவரை அரித்தது. திறக்கத் தெரிந்தவள் சிரிக்கிற சிரிப்பு அது.

அப்போது அந்த வனக்காவலர் அம்மா ஜீப்பில் வந்தார். கரடி ஒன்று ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது, சாப்பாட்டு வாசனை உள்ள எதுவும் வெளியே இருக்கக் கூடாது, எல்லாம் பெட்டியில் போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று என்றார் இவர். பெட்டியைத் திறக்கத் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஜீப் போன பிறகுதான் குனிந்து பார்த்தார். சட்டை முன்பக்கம் முழுக்க ஜாம்.

கழற்றினார். குளிர் பிடித்து உலுக்கியது. ஸ்வெட்டர் பெட்டிக்குள். சட்டையும் போக வேண்டியது பெட்டிக்குள். கையிலேயே வைத்திருந்தால் கரடி கையோடு கேட்கும். முழங்காலால் முட்டினார், கல்லால் தட்டினார். பின்னறை கண்முன் வந்தது. ஒவ்வொரு கடிகாரமாக அட்டைப்பெட்டியில் ஏறுவது தெரிந்தது. கேட்கக் கூடாது, செத்தாலும் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பல் தானாகவே தந்தியடித்துக்கொண்டிருந்தது.

புதர் ஆடியது. கறுப்பாக, சாவகாசமாக, அது வெளியே வந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்துவிட்டு இவர் பக்கம் திரும்பியது.

"அடியே, தோத்துட்டேன். ரூம் உனக்கே. பெட்டியத் திற."

"சத்தியமா?"

"சத்தியமா. சீக்கிரம் வா."

அவள் பெட்டிப் பக்கம் போகவே இல்லை. சட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தாள். இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காருக்குள் தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரடி சட்டையை நக்க ஆரம்பித்தது.

"பெட்டியத் திறன்னுதானே சொன்னேன்?" என்றார்.

"அது எப்படின்னு எனக்கு மட்டும் என்னங்க தெரியும்? அந்தம்மா சொன்னது ஒண்ணும் புரியாமத்தான் நானும் தலையாட்டினேன்."