கென்யாவில் ராகு காலம்

"சிங்கத்துக்குக் கண்ணு என்ன நெறம்?" என்று கேட்டாள் சரஸ்வதியம்மாள்.

பகவதிப்பெருமாள் இட்லியை அவசரமாக விழுங்கினார். கென்யாவிலிருந்து வந்து மூன்று நாளாக வீட்டில் இதே விசாரணைதான்.

"மஞ்சள்."

"தாணுமாலையன் அண்ணன் பழுப்புன்னு சொன்னாவளே?"

"அவரு பாத்தது வேற சிங்கம்."

இவர் எந்தச் சிங்கத்தையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. வலியசாலைத் தெருவிலிருந்து தாணுமாலையனையும் சேர்த்து ஏழு பேர் போனார்கள். காட்டுக்குள் போக ஒரே ஒரு நாள், திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு ஜீப் வந்து நின்றது. பகவதிப்பெருமாள் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. அதில் நம்மூர் நேரம் எட்டரை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம் அல்லவா?

"அரை மணி நேரம் பொறுங்க, ஒம்பதுக்குக் கெளம்பிரலாம்" என்றார். ஜீப் மற்ற ஆறு பேரோடு போயே விட்டது. போனவர்கள் திரும்பி வந்து, பத்தடி தூரத்தில் சிங்கம் பார்த்தோம் என்று சொல்லிச் சொல்லி இவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

இதை வீட்டில் சொல்ல முடியுமா? முப்பது வருஷமாக ராகு காலம் பார்த்துப் பார்த்தே, தாலி கட்டி முடிந்த பிறகுதான் மனைவியைக் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். விஷயம் தெரிந்தால் பஞ்சாங்கத்தோடு சேர்த்து இவரையும் பரணில் போட்டுவிடுவாள்.

மறுநாள் தாணுமாலையனே வந்து சிங்கத்தின் போட்டோவை நீட்டினார். நல்லவேளையாக, இவர் ஜீப்பில் வராததைப் பற்றி ஏனோ அவர் வாயே திறக்கவில்லை.

"உங்க போட்டோ எங்க?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"கழுவக் குடுத்திருக்கேன். இதைவிடக் கிட்டத்துல எடுத்தது."

அவ்வளவுதான், அவள் ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரும்படி தெருவையே காப்பிக்கு அழைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஸ்டூடியோவிலிருந்து படங்கள் வந்தன. முப்பத்தாறும் விடுதி வேலிக்கு வெளியே மேய்ந்த வரிக்குதிரை.

"சிங்கம் உள்ள ரோல் மாறிப் போச்சு போலிருக்கு" என்றார்.

"மாறிப் போச்சா? இருங்க, நானே போயி அந்த ஸ்டூடியோக்காரன்கிட்டக் கேக்கேன்."

"நீ இரு, நான் போறேன்."

கேமராவைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தவர், நேரே மிருகக்காட்சிசாலையில் போய் இறங்கினார். மணி ஒன்பதரை. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம் என்பதே அவருக்கு நினைவில்லை.

சிங்கம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. எந்தப் பக்கம் போனாலும் நடுவில் கம்பி. ஒரு தடவை அது தலையைத் திருப்பியது. கண் மஞ்சளா பழுப்பா என்று ஆசையாக எட்டிப் பார்த்தார். அதற்குள் கண்ணை மூடிக்கொண்டது. இவர் லென்ஸைக் கம்பிக்கு அருகே கொண்டுபோனபோது பின்னால் காவலர் வந்து நின்றார்.

"எந்தா சாரே, கம்பி தெரியாம எடுக்கணுமா?"

பகவதிப்பெருமாள் கேமராவை அவசரமாகப் பைக்குள் தள்ளினார். "இல்ல... கென்யாவுக்குப் போயிருந்தோம், அதான்..."

காவலர் தலையை ஆட்டினார்.

"ஏழாவது ஆளு நீங்கதானா சாரே? மத்த ஆறு பேரும் அந்த மரத்தடியில நின்னுதான் எடுத்துட்டுப் போனாங்க."