பூனைப்பருந்து பார்க்கப் போன ஞாயிறு

ஒரு நாள் முழுக்கக் காணாமல் போவதென்று முடிவெடுத்தேன்.

மகள் லோகப்பிரியா கல்யாணமாகி டில்லிக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். நானும் மனைவி பழனாத்தாளும் அதற்குப் பதில்கூடச் சொல்வதில்லை. நான் இருப்பது அவளுக்குத் தெரிகிறதா என்பதே சந்தேகம். இல்லாமல் போனால் தெரியுமல்லவா? தேடட்டும். தெருவெல்லாம் விசாரிக்கட்டும். கொஞ்சம் அழுதாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினேன். பஸ் ஏறித் தொண்டாமுத்தூர். அங்கே சிநேகிதர் மாரப்பனின் தோட்டம். ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து பருந்துகள் அந்தப் பக்கம் வரும். பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை.

"வாங்க வாங்க! தங்கச்சி வரலீங்களா?" என்றார் மாரப்பன்.

"அவளுக்குத் தெரியாதுங்க. சொல்லாம வந்துபோட்டேன்."

"அட!" என்று உள்ளே போனவர், ரொம்ப நேரம் கழித்துக் காபியோடு வந்தார்.

சோளக்காட்டு வரப்பில் உட்கார்ந்தோம். மலைப்பக்கமிருந்து ஒன்று வந்தது. கதிரை உரசுகிற மாதிரி தாழ்வாக, இறக்கையை அசைக்காமல் மிதந்து போனது.

"பூனைப்பருந்துங்க."

"பூனைங்களா, பருந்துங்களா?"

"பேரு அப்படித்தானுங்க."

எனக்குப் புரிந்தது. மில் ஆபீசில் நான் பருந்து. வீட்டில் பூனை.

மத்தியானம் கிளம்பப் பார்த்தேன். விடவில்லை. "சாப்புட்டுப் போலாமுங்க." சாப்பிட்டதும், "எளநி குடிக்கோணுமுங்க." அதுவும் ஆனதும், "மாட்டுச்சாளையில ஒண்ணு இருக்குது, பாத்துப்போட்டுப் போங்க."

மாட்டுக் கொட்டகை மூலையில், கூடைக்கடியில் உயிரோடு ஒரு பூனைப்பருந்து. பந்தல் நூலில் சிக்கிய இறக்கையை மாட்டு டாக்டர் சரிசெய்து, இன்று பறக்கவிடலாம் என்றிருந்தாராம். கூடையைத் தூக்கியதும் மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்தது. கோபமாகத்தான். ஆனாலும் என்னை ஒரு உயிர் அவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ மாசமாகிறது.

"உன்ற ஊட்டுல உன்னத் தேடுவாங்களா?" என்று கேட்டேன். மாரப்பன் நல்லவர். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாக்கைப் போர்த்தி என் கையில் கொடுத்தார். அதன் நெஞ்சு உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. வரப்பில் நின்று அதைப் பறக்கவிட்டேன். ஒரே வீச்சு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது புள்ளியாகும்வரை நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வாசலில் கூட்டம் கூடியிருக்கும், போலீஸ்கூட வந்திருக்கலாம் என்று, முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன்.

கதவில் பூட்டு தொங்கியது.

படியில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து ஓர் ஆட்டோ வந்தது. பழனாத்தாளும் பக்கத்து வீட்டு உம்மல் குல்சுமும் இறங்கினார்கள். பழனாத்தாள் தலை நிறைய மல்லிகை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"எங்க போயிட்டு வாரே?"

"சினிமாவுக்குங்க. அப்பறம் ஓட்டல்ல டிபன்."

"நான் காணாமப் போயிருக்கேன், நீ சினிமாவுக்குப் போனயா?"

"காணாமயா? காலையிலயே மாரப்பண்ணன் போன் பண்ணிப்போட்டாருங்க. சாயந்தரம் வரைக்கும் அங்கயே வெச்சுக்குங்கண்ணான்னு நாந்தான் சொன்னேன்."

உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். எனக்குச் சோறு போடும்போது அவளே இளகிய குரலில் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அடுத்த ஞாயித்துக்கெழமையும் பருந்து வருமுங்களா?"

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "வரும் அம்மணி! மாசி வரைக்கும் இருக்கும். நீயும் வாரயா?"

"நானெதுக்குங்க? நீங்க போவீங்களான்னு கேட்டேன்."