நீலமான ஒரே வீடு

எட்டு வீட்டுக் குப்பிகளில் ஏழு தெளிவாக நின்றன. நீலம் பாய்ந்தது ஒன்றே ஒன்று. அதுவும் சோதனை செய்த ஆய்வகக்காரரின் சொந்த வீட்டுத் தண்ணீர்.

"நம்ம வீடா?" என்றாள் மனைவி, கரண்டியும் கையுமாக.

"நம்ம வீடேதான்."

கட்டடத்தின் எட்டு வீட்டுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரே மொட்டைமாடித் தொட்டி. குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். ஒரு வீட்டுக்கு மட்டும் விஷம் வர வழியில்லை. அப்படியானால் சோதனைதான் தப்பு.

ஆறு வருட உழைப்பு அது. கண்ணுக்கே தெரியாத நானோ இரும்புத் துகளைத் தண்ணீரில் கலக்கினால் ஆர்சனிக் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளியே காந்தத்தைப் பிடித்தால் துகளெல்லாம் ஓரமாக ஒதுங்கும். ஒதுங்கியதில் மருந்து விட்டு, நீலமானால் ஆர்சனிக் உண்டு. வெள்ளிக்கிழமை மேலதிகாரியிடம் முடிவைக் காட்ட வேண்டும். சரியாயிருந்தால் சோதனை ஊர் ஊராகப் போகும். தப்பென்றால் அலமாரிக்குப் போகும்.

கோளாறு ஆரம்பித்தது அவர் வாயில்தான். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய், ஆர்சனிக் பார்க்கணும், காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும் என்றார். ஏதோ சத்து மாத்திரை போலிருக்கிறது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். புரியவில்லையே என்று மனிதருக்குக் குறை. "அதாங்க, பாஷாணம்," என்று விளக்கிவிட்டார். அதோடு எல்லார் முகமும் சுருங்கியது. மறுநாள் வந்த சொம்புகள் மட்டும் பெண் பார்க்க வந்தவர்கள் முன் வைப்பதுபோலப் பளபளத்தன.

தன் வீட்டுக் குழாயில்தான் ஏதோ இருக்கிறது என்று செவ்வாயன்று குழாய்க்காரரைக் கூப்பிட்டார். அவர் அடுப்படிச் சுவரைப் பாதி உடைத்துப் புதுக்குழாய் போட்டார். தண்ணீர் அப்போதும் நீலம். அடுப்பு கூடத்துக்கு வந்ததுதான் மிச்சம்.

காந்தம் வலுவில்லையோ என்று ரேடியோ ரிப்பேர்காரரிடம் ஒரு பெரிய காந்தம் இரவல் வாங்கினார். இடுக்கி, அரிவாள்மணை, மனைவி பகலெல்லாம் தேடிய பீரோச் சாவி எல்லாம் பாய்ந்து வந்து ஒட்டின. துகளும் முன்னைவிட நன்றாகவே திரண்டது. நீலம் கருநீலமானது.

புதன்கிழமை மறுபடி ஏழு வீட்டிலும் சொம்பு கேட்டார். படியேறும்போது தோளில் கேனோடு எதிரே வந்த கேன்காரர் இடித்து, இவர் நெற்றி வீங்கியது. ஏழும் மறுபடி தெளிவு.

மாடி வீட்டு அம்மா சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார். "எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது தம்பி. நாங்க சுத்தபத்தமா இருக்கிறவங்க."

அந்த அம்மா இவர்கள் வீட்டுக் காப்பியைத் தொடாமலே எழுந்து போனதாக அன்று மாலை கட்டடம் முழுக்கப் பேச்சு. மனைவி குமுறினாள். "விஷத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னா, என் மானத்தை வாங்கியிருக்கீங்க."

"நம்ம தண்ணியில ஒண்ணுமில்ல. என் சோதனைதான் உதவாது. போதுமா?"

"அதை எழுதிக் குடுங்க. ஏழு வீட்டுக்கும் காட்டணும்."

வியாழன் மாலை அவர் உட்கார்ந்து எழுதினார். இந்த முறை நம்பத்தக்கதல்ல, கைவிடலாம். மனைவி ஒரு சொம்புக் குழாய்த் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, கையெழுத்துக்காகப் பக்கத்திலேயே நின்றாள். பேனா தாளில் பட்ட நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கேன்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

"சார், அடுத்த சோதனை எப்பன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்த நாள்ல இந்தக் கட்டடத்துல ஒரு கேன் போகாது, நீங்க சொம்பு கேக்குற அன்னிக்கு மட்டும் உங்க வீட்டைத் தவிர ஏழு வீட்டுலயும் கேன் தண்ணி கேட்டா நான் எங்க போறது?"