வளவுப் படத்தில் நாங்கள் இல்லை

சிவமயம்

கண்டனூர்,
ஆடிக் கடைசி வெள்ளி.

கோயம்புத்தூரில் இருக்கும் மரியாதைக்குரிய பெரிய அண்ணன் வயிரவன் அவர்களுக்கு, தம்பி சாத்தப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தேனம்மையும் பிள்ளையார்பட்டியான் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கு தங்கள் சர்க்கரையும் உமையாள் ஆச்சியின் இடுப்பு வலியும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஊரில் மழை இல்லை, ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. நல்ல சேதி இத்தோடு சரி.

வாட்ஸப்பில் ஒரு வரி தட்டிவிட்டிருக்கலாமே, எதற்குத் தாளும் பேனாவும் என்று கேட்பீர்கள். நம் குடும்பக் குரூப்புக்கு அட்மின் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சித்தப்பா மகன் சொக்கு. நான் போடுவதை அவன் நினைத்தால் அழிக்கலாம், என்னையே குரூப்பிலிருந்து தூக்கலாம். போன மாதம் நான் போட்ட காலை வணக்கத்துக்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை, அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதே எனக்கு இன்றுவரை சந்தேகம். கூட்டுறவு வங்கியில் காசோலைக் கையெழுத்தைச் சரிபார்க்கும் மேசையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஒரு சுழி கூடுதலாக இருந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நம் வீட்டை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விடலாம் என்று சொக்கு கிளப்பிவிட்டது தங்களுக்குத் தெரியும். பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்குப் பங்காளிகள் எல்லாரும் வரும்போது பேசி முடிவெடுப்பது, அதற்கு முன் வீட்டை நன்றாகப் படம் எடுத்து ஒவ்வொரு பங்காளிக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் அனுப்புவது என்று ஏற்பாடு. எல்லாப் பங்காளியும் ஒத்துக்கொண்டால்தான் காரியம் நடக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு இது கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் வந்து அவரவர் அறைப் பூட்டைத் திறக்கிற வீடு. எனக்கும் தேனம்மைக்கும் இதுதான் குடியிருக்கிற வீடு. எங்களைக் கிளப்பிவிட்டால் நாங்கள் போய் நிற்க வேறு வீடு இல்லை, இருந்தாலும் நான் போக மாட்டேன். இது தெரிந்துதான் சொக்கு வேறு வழியில் இறங்கியிருக்கிறான் என்று சந்தேகப்படுகிறேன். சந்தேகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எனக்கு நிச்சயம்.

படம் எடுக்கக் காரைக்குடியிலிருந்து ஃபாயிஸா என்று ஒரு பெண் வந்தாள். ரொம்ப மரியாதையான பிள்ளை, என் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. செருப்பை வாசலில் விட்டாள், "ஐயா, நல்லா இருக்கீகளா" என்றாள், தேனம்மையைப் பார்த்து "ஆச்சி, ஒங்களுக்கு ஒன்னும் இடைஞ்சல் இல்லையே" என்றாள். பிறகு காரிலிருந்து சாமான்களை இறக்கினாள் பாருங்கள். இரண்டு கேமரா, மூன்று முக்காலி, குடை, மடித்து விரிக்கிற வெள்ளித் தட்டு, வரிசையாக லென்ஸ்கள்.

"கல்யாணத்துக்கே ஒருத்தன் ஒத்தப் பையோட வந்து எடுத்துட்டுப் போயிர்றான். ஒரு வீட்டுக்கு இம்புட்டு எதுக்கும்மா?"

"வீட்டுக்கு வேற லென்ஸ் ஐயா. இது அகல லென்ஸ். ஒரு மூலையில நின்னா மொத்த வளவையும் அடக்கிரும்."

அடக்கத்தான் செய்தது. கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில் பார்த்தேன். நம் வளவு முற்றத்தில் விமானம் இறங்கலாம் போல இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று தாங்கள் நினைக்கலாம், நானும் அரை நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், படத்தின் இடது ஓரத்தில் இருக்கும் சொக்குவின் அறை ரெண்டு பங்கு அகலமாக வந்திருக்கிறது, நடுவில் இருக்கும் என் அறை கோழிக்கூடு மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது. நான் உள்ளே போய் டேப்பை எடுத்துவந்து அவள் கண் முன்னாலேயே இரண்டு அறைகளின் வாசல் நிலைகளையும் அளந்து காட்டினேன். இரண்டும் ஒரே அளவு.

"இந்த லென்ஸுல ஓரத்துல இருக்கறது இழுத்துத்தான் காட்டும் ஐயா. அதுக்கு ஒன்னும் செய்ய முடியாது."

"அப்ப சொக்கு ரூம்பு மட்டும் ஏம்மா ஓரத்துல இருக்கு?"

"அது அங்குட்டுத்தானே ஐயா கட்டியிருக்காக."

பதில் தயாராக வைத்திருந்தாள். அதன்பிறகு நான் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரே இடத்தை, முக்காலியை அசைக்காமல், டக் டக்கென்று ஐந்து தடவை எடுத்தாள். எதற்கு ஐந்து என்றால், ஒன்று இருட்டாக, ஒன்று வெளிச்சமாக எடுத்துக்கொண்டு பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாக்குவாளாம், அப்போதுதான் வளவின் வெயிலும் உள்ளறையின் இருட்டும் ஒன்றாகத் தெரியுமாம். ஐந்து பேர் போட்ட கையெழுத்தைச் சேர்த்து ஒரு கையெழுத்தாக்கினால் வங்கியில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். சிரித்தாள். அடுத்து நம் வெண்கலப் பானைகளுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். பானையை எடுக்க வந்தவள் பானையை மறைத்து ஏன் எடுக்க வேண்டும்? கேட்டால், நிறம் சரியாக வருவதற்கு அட்டையோடு ஒன்று, அட்டை இல்லாமல் ஒன்றாம். அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பின்னால் யாரும் மாற்றிவிடக் கூடாதென்று அதன் நடுவில் தேதி போட்டு என் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. பிடிபட்டவர்கள் முகம் அப்படித்தான் விழும். வேறு அட்டை வாங்க மதுரைக்குப் போக வேண்டும் என்று தேனம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

தேனம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூதுவாது தெரியாதவள் என்பது தங்களுக்குத் தெரியும். இந்தப் பெண் அதைக் கண்டுகொண்டு, இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் இரண்டாங்கட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். குசுகுசுவென்று பேச்சு. நான் போனால் பேச்சு நின்றுவிடும். தேனம்மை அவளுக்குக் கந்தரப்பம் சுட்டுக் கொடுத்தாள் அண்ணன், நாளும் கிழமையும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில். எனக்கு அப்படிச் சுட்டுக் கொடுத்து எவ்வளவு காலமாயிற்று. வீட்டு விஷயத்தையெல்லாம் அவளிடமிருந்து கறந்து சொக்குவுக்கு அனுப்புகிறாள் என்று நினைத்து, "என்ன கேட்டா?" என்று தேனம்மையை விசாரித்தேன். "கோலத்தைப் பத்திக் கேட்டா" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இனிதான் முக்கியமான இடம். படங்கள் வந்தன. லேப்டாப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். முகப்பு பளபளவென்று இருக்கிறது, தேக்குத் தூண்கள் நேற்று இழைத்தது போல இருக்கின்றன. நான் மகிழ்ந்துபோய், இருந்தும் பழக்கதோஷத்தில், ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். வளவில் நாங்கள் கட்டியிருக்கும் துணிக்கொடி இல்லை. பட்டாலைக் கூடத்தில் ஓரமாக நிற்கும் ஃபிரிட்ஜ் இல்லை. என் சைக்கிள் இல்லை. நீல வாளி இல்லை. தேனம்மை வளவில் உட்கார்ந்து வடகம் பிழிந்துகொண்டிருந்தாள், நானே பார்த்தேன், படத்தில் வடகமும் இல்லை, அவளும் இல்லை. நான் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே நின்றேன் என்றேனே, பல படங்களில் உள்ளேயே நின்றேன், வேண்டுமென்றே நின்றேன், ஒன்றிலும் நான் இல்லை. நான் நின்ற இடத்தில் தூண் முழுசாக நிற்கிறது. அந்தத் தூணில் இருக்கும் வெடிப்பைக்கூட அடைத்துவிட்டிருக்கிறாள்.

"நான் எங்கம்மா?"

"நீங்க நடந்துகிட்டே இருந்தீக ஐயா. ரொம்ப நேரம் தொறந்து வச்சு எடுக்கிற படத்துல நடக்கிறவுக பொகை மாதிரி ஆயிருவாக."

சரி, நடந்தது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் பாக்கிப் படங்களை எடுக்க வந்தபோது, அன்றைய நாளிதழை விரித்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தேதி தெரியும்படி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வளவு நடுவில் நின்றேன். கடத்திக்கொண்டு போனவர்களை அப்படித்தான் நிற்கவைத்துப் படம் எடுப்பார்களாம், உயிரோடு இருப்பதற்கு அது அத்தாட்சி. அந்தப் படமும் வந்தது. பேப்பரும் இல்லை, நானும் இல்லை, வளவில் வெயில் மட்டும் அழகாக விழுந்திருக்கிறது. எப்படிச் செய்கிறாள் என்பதையும் கதவு இடுக்கில் நின்று பார்த்துவிட்டேன். மௌஸைப் பிடித்து, தரையில் சிந்தியதைத் துணியால் துடைப்பதுபோல என் மேல் ஒரு தடவை தேய்க்கிறாள். தலை போயிற்று. இன்னொரு தடவை தேய்க்கிறாள். வேட்டி போயிற்று. பின்னால் இருந்த சுவர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எடுத்தபடியே இருக்கிற அசல் ஃபைலைக் கொடு என்றேன். "அது வேகவைக்காத அரிசி மாதிரி ஐயா, நாங்க யாருக்கும் குடுக்கிறதில்ல" என்கிறாள். அசலைக் கொடுக்க மாட்டேன் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். என்ன இருக்கிறது, நான் இருக்கிறேன்.

அண்ணன், நம் கோயிலில் கல்யாணமான ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு புள்ளி. வரி கேட்பதும் அந்தப் புள்ளிக்குத்தான், பிரசாதம் வருவதும் அந்தப் புள்ளிக்குத்தான். இப்போது இந்தப் படங்கள் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தால் மற்றப் பங்காளிகள் என்ன நினைப்பார்கள்? வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, கொடுத்தால் என்ன என்பார்கள். சாத்தப்பன் புள்ளி அங்கே இருக்கிறதே என்று யாராவது சொன்னால், எங்கே காட்டு என்பார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிட பயமாக இருக்கிறது. உயிரோடு நடமாடுகிற வீட்டிலேயே ஒருவனை இல்லை என்று ஆக்கிவிட முடியும் என்றால் மனுஷனுக்கு என்ன மரியாதை இருக்கிறது, சொல்லுங்கள். ஆள் வைத்து விரட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. அந்தப் பிள்ளை துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கந்தரப்பம் தின்றது.

ஆகவே தாங்கள் மூத்தவர் என்ற முறையில் சொக்குவைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். அந்தப் படங்கள் செல்லாது என்று எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். துணிக்கொடி, சைக்கிள், தேனம்மை, நான் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்படி வேறு ஆளை வைத்து, சாதாரண போனில், மறுபடி படம் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சதுர்த்தியன்று சொக்கு நீட்டும் தாளில் தாங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. தாங்கள் போடாவிட்டால் யாரும் போட மாட்டார்கள்.

உமையாள் ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர எங்கள் ஆசிகள். வரும்போது மறக்காமல் தங்கள் அறைச் சாவியைக் கொண்டுவரவும், போன தடவை போலப் பூட்டை அறுக்க வேண்டாம். உறை ஒட்ட வீட்டில் பசை இல்லாததால் தபாலாபீசில் ஒட்டிக்கொள்ளச் சொல்லித் தேனம்மையிடமே கொடுத்து அனுப்புகிறேன். இப்போதைக்கு நம்புவதற்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

தங்கள் அன்புத் தம்பி,
சாத்தப்பன்.

பின்குறிப்பு: பெரியத்தானுக்குத் தேனம்மை எழுதிக்கொள்வது. தபாலாபீஸ் பெஞ்சுல உக்காந்து முழுக்கப் படிச்சிட்டேன், தப்பா நெனைக்காதீக. சொக்கு மேல ஒரு குத்தமும் இல்ல, அந்தப் பிள்ளைகிட்டப் படம் நல்லா வரணும்னு சொன்னதோட சரி, பாவம் சொக்குக்கு வேற ஒன்னும் தெரியாது. அழிக்கச் சொன்னது நான்தான். எந்தப் படத்தப் பாத்தாலும் இவுக திருடனைப் பிடிக்க வந்த மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கிறாக. ஃபாயிஸாவே, "ஐயாவ என்ன செய்யட்டும் ஆச்சி"னு கேட்டுச்சு. எடுத்துரு ஆத்தான்னு சொன்னேன். அப்படியே கொடிய எடு, வாளிய எடு, ஃபிரிட்ஜை எடுன்னு நானே பக்கத்துல உக்காந்து ஒவ்வொன்னாச் சொன்னேன். ஓட்டல்காரக பாத்ததும் பிடிச்சுப்போகணும்னுதான்.

இம்புட்டுப் பெரிய வீட்டைக் கூட்டுறது யாருன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கார்த்திகையில பின்கட்டுல வழுக்கி விழுந்துட்டேன். கத்துனேன், இவுகளுக்குக் கேக்கல. முகப்புல நின்னு பூட்டை இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு இருந்திருக்காக. தட்டுத்தடுமாறி நானா எந்திரிச்சு வந்தேன், இவுககிட்டச் சொல்லவும் இல்ல. அன்னைக்குப் பயந்தது எனக்கு இன்னும் தெளியல. எங்க மக சாலா காரைக்குடியில செக்காலைப் பக்கம் ரெண்டு ரூம்பு வீடு பாத்து வச்சிருக்கா, கூப்பிட்டாக் கேக்கும். சும்மா வாங்கன்னா இவுக வர மாட்டாக, ஓட்டல் வந்தாத்தான் கிளம்புவாக. அதனால சதுர்த்தியன்னைக்கு நீங்க மொதல்ல கையெழுத்துப் போட்டுருங்க, மத்தவுக போட்டுருவாக. இவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்.

ஒன்னே ஒன்னு. இவுகள மட்டும் அழிக்கச் சொன்னேன்னு நெனச்சுக்கிறாதீக. வடகம் பிழியற படத்துல "நீங்க ரொம்ப நல்லா வந்திருக்கீக ஆச்சி, இருக்கட்டுமே"ன்னு அந்தப் பிள்ளை மல்லுக்கட்டுச்சு. அதோட கையப் பிடிச்சு, என்னையும் இந்த வீட்டுலேர்ந்து எடுத்துரு ஆத்தான்னு கெஞ்சிக் கேட்டுத்தான் எடுக்க வச்சேன்.