குந்து மேஸ்திரியும் வளைந்த பலகைகளும்

திருவேற்காடு வட்டாரத்தில் குந்து மேஸ்திரியிடம் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தவர் என்று ஒருவரைக் காட்டிவிடுங்கள், நான் இந்தத் தச்சுத் தொழிலையே விட்டுவிடுகிறேன். யார் வந்தாலும் அவருடைய முதல் வார்த்தை "குந்து". அதுவே பெயராகிவிட்டது.

அன்று நூம்பலில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள்: மேஸ்திரி, தண்ணீர் கேன் போட வந்த தாஸ், வீட்டுக்கார எஸ்தர் டீச்சர், எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான். மாடியில் மரத்தளம் போடும் அந்த வேலைதான் நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை; துணைக்கு மேஸ்திரியைக் கூட்டி வந்திருந்தேன். வெளிநாட்டு மரம், இரும்புக் கனம். கட்டைப் பிரித்தால் பாதிப் பலகைகள் வில்லாக வளைந்து கிடந்தன.

"எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சரம்மா, இந்த வெயில்ல கெடந்தா நீங்க நெளிய மாட்டீங்களா?" என்றார் மேஸ்திரி.

ஒரு பலகையை மேடு மேலே வரும்படி, தரையில் வரிசையாகப் பதித்திருந்த சட்டங்களின் மீது போட்டு, ஒரு முனையை ஸ்க்ரூவால் இறுக்கினார். தாஸைப் பார்த்தார். "குந்து நைனா."

தாஸ் உட்கார்ந்ததும் மேடு அமுங்கியது. மேஸ்திரி துளை போட்டு ஸ்க்ரூவை முடுக்கி, "நவுரு" என்றார். தாஸ் உட்கார்ந்தபடியே அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தார். இப்படியே மறுகோடி வரை. தெருவே தண்ணீருக்குக் காத்திருந்தது. சில பலகைகளுக்குப் பிறகு, "பேன்ட்டு கிழிஞ்சி போச்சு அண்ணாத்தே!" என்று கத்திவிட்டு, கொண்டுவந்த கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடியே போனார் தாஸ்.

அடுத்து நான்.

"நடுங்காத நைனா. பலவை பயப்படுது பாரு."

கடைசிப் பலகை மட்டும் எனக்கு மசியவில்லை. "டீச்சரம்மா, நீங்களும் குந்துங்க."

குச்சி போல இருக்கும் டீச்சர் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். போதவில்லை. மேஸ்திரி தண்ணீர் கேனைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். "கெட்டியா புச்சிக்கோங்க!"

வேலை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நவுரு!"

"நகருப்பா, வழியை அடைச்சிக்கிட்டு!" என்று முதுகில் கேனால் இடித்தார் டீச்சர்.

முடிந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடியபடி தளம் முழுக்க நடந்து பார்த்தார். கால் எங்கேயும் இடறவில்லை. "முன்வாசல்லயும் இதே மாதிரி போடணும். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வாங்க, பேசலாம்."

புது வேலை பேசப் போகிறேன் என்றால் இன்றும் எனக்குப் பயம்தான். மேஸ்திரி கூட வந்தால் மட்டும், அந்தப் பயம் வாசல்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.