எண்ணெய்ப் பங்கு விலை ஏறும்வரை கலியாணத்தைத் தள்ளிவைப்பது சம்பந்தமாக

பரந்தன்,
செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியார் மாங்குளம் வீரகத்தி அவர்களுக்கும், அம்மா அவர்களுக்கும், மாப்பிள்ளைத் தம்பி சிவகரனுக்கும் பரந்தன் பரமலிங்கம் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும், மனைவி கமலாசனியும், மகள் யதுர்ஷிகாவும், இரண்டு பசுக்களும் அம்மன் புண்ணியத்தில் சுகமே இருக்கிறோம். சிறுபோக நெல்லும் வெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கள் வீட்டிலும் ஆட்களும் ஆடு மாடுகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். கைத்தொலைபேசி இருக்க ஏன் இந்த மனிதன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் உடனே ஏசலாம். கடிதத்தில் அந்த வசதி இல்லை. மேலும் மாங்குளம் பக்கம் ஓடும் பஸ் சாரதி, நான் டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்த காலத்தில் என்னிடம் பிந்தி வந்து பேச்சு வாங்கியவர், இப்போது நல்ல சிநேகிதர். அவர் கையில் கொடுத்துவிட்டால் நான் சொல்ல வந்ததை நீங்கள் முழுதாகப் படித்து முடிக்கும்வரை நான் பத்திரமாகப் பரந்தனில் இருப்பேன்.

விடயம் இதுதான். ஆவணிக் கடைசியில் வைத்திருக்கும் கலியாணத்தை ஐப்பசிக்கு மாற்றித் தர வேண்டும். ஐயோ சம்பந்தி, கடிதத்தைக் கசக்க வேண்டாம், முழுதாகக் கேளுங்கள். தையில் தள்ளியது வரவுசெலவுத் திட்டத்தால், பங்குனியில் தள்ளியது குழுவுக்கு மேல் குழு போட்டதால், வைகாசியில் தள்ளியது அமைச்சர் வெளிநாடு போனதால். இதில் ஒன்றாவது என் பிழையா, நீங்களே சொல்லுங்கள்.

அடியிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், நானும் தேத்தண்ணிக் கடைச் சின்னராசாவும் பக்கத்து வயல்கார வீரையாவும் மோட்டார் சைக்கிள்களை வரிசையில் விட்டுவிட்டு ஒரு வேப்பமரத்தின் கீழேதான் சீவித்தோம். அங்கே சாப்பாடு, அங்கே நித்திரை. ஒருநாள் சின்னராசா வெய்யில் மண்டையில் ஏறின கோபத்தில், "டேய் பரமலிங்கம், எண்ணெய் வாங்கிறவன்தான் வரிசையில நிக்கிறான். எண்ணெய் விக்கிறவன் எங்கயாவது நிக்கிறானோ?" என்றான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். டிப்போவில் முப்பது வருசம் டீசல் மணத்திலேயே வேலை செய்தவன் நான். எண்ணெயைப் பற்றி எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை என்ற நினைப்பு வேறு. கலியாணத்துக்கென்று வைத்திருந்த காசை எடுத்துக் கிழக்கொளி எண்ணெய்க் கம்பனியில் பங்கு வாங்கிவிட்டேன். அவர்கள் இருவரும் தங்கள் சக்திக்கு ஏற்றமாதிரி வாங்கினார்கள். வாங்கிய கிழமையே சின்னராசா அந்தக் கம்பனியின் பெற்றோல் நிரப்பு நிலையத்துக்குப் போய், நேரே பம்படியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "நான் உங்கட முதலாளிகளில ஒராள்" என்றிருக்கிறான். அங்கே நின்றவர், "அப்ப நல்லதாப் போச்சு முதலாளி, பின்னுக்குப் போய் வரிசையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி விடுங்கோ" என்றாராம். அவனும் போய் ஒழுங்குபடுத்தியிருக்கிறான்.

கம்பனி நல்ல கம்பனிதான் சம்பந்தி. துறைமுகத்துப் பக்கம் அரசாங்கத்தின் பழைய எண்ணெய்த் தாங்கிகள் சும்மா கிடக்கின்றன. அவற்றை எங்கள் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தால் பங்கு விலை விர்ரென்று ஏறும். கொடுக்காவிட்டால் படுத்துவிடும். கொடுப்பதா இல்லையா என்று அமைச்சரவை முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு சொல், "ஓம்" அல்லது "இல்லை". செவ்வாய்க்கிழமைதோறும் அமைச்சரவை முடிவுகளைப் பேச்சாளர் வந்து தொலைக்காட்சியில் வாசிப்பார். கமலாசனி எங்கள் வீட்டில் அதைப் போட விடுவதில்லை, அந்த மனிதனின் முகத்தைப் பார்த்தாலே பால் திரைகிறது என்கிறா. அதனால் சின்னராசாவின் கடையில்தான் பார்ப்போம். பேச்சாளர் சிங்களத்தில் சொல்வார், மலையகத்தில் பிறந்து வளர்ந்த வீரையா தமிழில் சொல்வான். ஒவ்வொரு செவ்வாயும் ஒரே கதைதான். "அண்ணே, ஒரு குழு போட்டிருக்காங்களாம்." அடுத்த கிழமை, "அண்ணே, அந்தக் குழு அறிக்கை குடுத்திருச்சாம்." எங்களுக்குச் சந்தோசம். அதற்கடுத்த கிழமை, "அண்ணே, அந்த அறிக்கையைப் படிக்க இன்னொரு குழு போட்டிருக்காங்களாம்." நான் அன்று வீட்டுக்குப் போய் உங்களுக்குத் தொலைபேசி எடுத்துப் பங்குனி வேண்டாம் என்றேன்.

இப்படியே விட்டால் பிள்ளைக்கு நரை விழுந்துவிடும் என்று பயந்துதான் கம்பனியின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குக் கொழும்பு போனோம். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, எங்கள் பக்கம் குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்போம். அரச அதிபர் நடுவில் இருப்பார், பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்வார், நாங்கள் தொண்டை கட்டும்வரை கத்துவோம், பிறகு யாராவது ஒரு திகதியைச் சொல்ல எல்லாரும் கையை உயர்த்துவோம். அந்தத் திகதியில் குளத்துக் கதவு திறக்கும். கூட்டம் என்றால் எங்களுக்குத் தெரிந்த கூட்டம் அதுதான். ஆகவே வேட்டி கட்டி, விபூதி பூசி, முன்வரிசைக் கதிரைகளில் போய் இருந்தோம். கோட்டுப் போட்ட தலைவர் நல்ல மரியாதையான மனிதர், ஆங்கிலத்தில் நெடுநேரம் வாசித்தார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் வீரையா எழும்பிச் சிங்களத்தில் கேட்டான், "ஐயா, இப்ப தாங்கியில எத்தனை அடி எண்ணெய் இருக்கு?"

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியாது சம்பந்தி! எங்கள் பொறியியலாளரை நித்திரையில் தட்டிக் கேட்டாலும் அடிக்கணக்குச் சொல்வார். சின்னராசாவுக்குப் பொறுக்கவில்லை. எழும்பினான். "உங்க பாருங்கோ, பெரிய பங்குக்காரர் எல்லாம் மேல்வாய்க்கால். தண்ணியை அவை மறிச்சுப்போடுகினம். நாங்கள் கடைவாய்க்கால்காரர், எங்களுக்குச் சேறுதான் வருது. எந்தக் கூட்டத்திலயும் முதல்ல கடைவாய்க்காலுக்குத்தான் பதில் சொல்லவேணும்!" என்று கத்தினான். வீரையா அதைச் சிங்களத்தில் சொல்ல, பின்னால் இருந்த சின்னப் பங்குக்காரர் எல்லாரும் கை தட்டினார்கள். தெற்கே காலியிலிருந்து வந்த ஒரு இளைப்பாறிய ரயில் கார்ட் கண் கலங்கிப்போய் விசிலே அடித்தார். தலைவர் பாவம், "முடிவு எங்கள் கையில் இல்லை, அரசாங்கத்தின் கையில்" என்றார். "அப்ப அமைச்சரை ஏன் கூட்டத்துக்குக் கூப்பிடேல்லை?" என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதானே? தலைவர் தாளைப் புரட்டத் தொடங்கினார். அதனால் நானே திகதியை முன்மொழிந்தேன். ஆகஸ்ட் இருபதுக்குள் அமைச்சரவை முடிவு சொல்லவேண்டும். கை உயர்த்தச் சொன்னேன். மண்டபம் முழுக்கக் கை! கல்முனையிலிருந்து வந்த ஒரு அம்மா இரண்டு கையையும் உயர்த்தினா. பணிப்பாளர் வரிசையிலேயே ஒருவர் கையை உயர்த்திவிட்டு, தலைவர் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். பிறகு எல்லாருக்கும் பற்றிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள், முன்பின் தெரியாத சனமெல்லாம் எங்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்தது. என் சீவியத்தில் அவ்வளவு சந்தோசமாக ஒரு கூட்டத்தில் இருந்ததில்லை. அடுத்தநாள் பேப்பரில் எங்கள் மூவரின் படமும் வந்தது, உங்களுக்கும் அனுப்பினேனே.

தீர்மானம் நிறைவேறிவிட்டது, இனி என்ன? ஊருக்கு வந்த கையோடு ஐயரிடம் போய் ஆகஸ்ட் இருபதுக்குப் பிறகு நல்ல நாள் எதுவென்று கேட்டு, உங்களுக்கும் சொன்னேன். சின்னராசா கடை வாசலில் வெடி கொளுத்தினான். அந்த ஆகஸ்ட் இருபதும் வந்தது, போனது. இன்று செவ்வாய். பேச்சாளர் முட்டை இறக்குமதியைப் பற்றிச் சொன்னார், பாடசாலைச் சீருடையைப் பற்றிச் சொன்னார், ஏதோ ஒரு பாலத்தைப் பற்றிச் சொன்னார். எழும்பிப் போய்விட்டார். வீரையா தலையில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணே, நம்ம தாங்கியைப் பத்தி மூச்சே விடலையே" என்றான். சின்னராசா மட்டும் அசையவில்லை. "திறந்திட்டினம் காணும். எங்கட வாய்க்காலுக்கு வந்து சேர நாள் எடுக்கும், அவ்வளவுதான்" என்கிறான்.

எனக்கோ அந்த நம்பிக்கை இல்லை சம்பந்தி. பங்கு இன்னும் கையில், காசு இல்லை, மண்டபத்துக்குச் சொல்லவில்லை, சமையல்காரரைக் கேட்கவில்லை. யதுர்ஷிகா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும், "சரியப்பா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறது. அப்படி ஒரு பொறுமைசாலிப் பிள்ளையைப் பெற்றுவிட்டு அதன் கலியாணத்தை நானே இழுத்தடிக்கிறேனே என்று நினைக்க அழுகை வருகிறது. உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. ஆகவே தாங்கள் கோபிக்காமல், மாப்பிள்ளைத் தம்பியையும் ஆறுதல் படுத்தி, ஐப்பசிவரை பொறுத்துத் தரும்படி தாழ்மையாகக் கேட்கிறேன். நீங்கள் இதுவரை ஒவ்வொரு முறையும் "சரி, பாப்பம்" என்று ஒரே சொல்லில் பெருந்தன்மையாக விட்டீர்கள். அப்படி ஒரு சம்பந்தி இந்த வன்னியில் வேறு ஒருவருக்கும் கிடையாது.

தங்கள் குடும்பம் தழைக்கவும், தங்கள் உளுந்து நன்றாக விளையவும், தம்பி சிவகரன் நீடூழி வாழவும் அம்மன் துணை நிற்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பையும் மன்னிப்பையும் நாடும்,
த. பரமலிங்கம்

பி.கு.: மேலே எழுதினதில் ஒரு எழுத்தையும் நம்ப வேண்டாம். கடித உறையை ஒட்டக் குசினிக்குள் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன். கமலாசனி, "ஆருக்கப்பா காயிதம்?" என்று கேட்டா. சொன்னேன். அப்படியே அடுப்படியில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினவா, எழும்பவே இல்லை. யதுர்ஷிகா ஓடி வந்தது, அதுவும் சிரிக்குது. எனக்குச் சனி மாற்றம் சரியில்லை என்று சாத்திரியார் சொன்னபடியால் பங்கெல்லாம் கமலாசனியின் பேரில்தான் வாங்கினனான், அதை உங்களுக்கு எழுத மறந்துபோனேன். நாங்கள் கொழும்பில் கை உயர்த்தின செய்தி பேப்பரில் வந்ததும், அரசாங்கம் ஏதோ செய்யப்போகுது என்று சனம் நினைச்சு விலை ஏறினதாம். ஏறின அண்டைக்கே இந்த மனுசி வித்துப்போட்டா! மண்டபமும் சொல்லியாச்சாம், சமையலும் சொல்லியாச்சாம், கூறைச்சேலை உங்கட வீட்டம்மாவோட போய் எடுத்ததாம். நீங்களும் கமலாசனியும் தையில இருந்தே கிழமைக்குக் கிழமை கதைக்கிறனீங்களாம். "சரி, பாப்பம்" எண்டு நீங்கள் ஏன் சொன்னனீங்கள் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது. நல்ல ஆள் காணும் நீர்! "பின்னை என்ன, உங்களிட்டச் சொன்னால் இன்னும் ஏறும், பொறு எண்டுவியள்" என்று கமலாசனி சொல்லுறா. அது உண்மைதான். எனக்கு ஏச வேணும்போல இருந்தது, ஆனால் வாய் முழுக்கச் சிரிப்புத்தான் வந்தது. எங்கட கூட்டத்தால்தான் என்ரை பிள்ளையின்ர கலியாணம் நடக்குது, பாத்தீங்களே! ஆவணிக் கடைசியில் சொன்ன நாளிலேயே தாலி கட்டு, எனக்கும் ஒரு அழைப்பிதழ் தந்தவா. கடிதத்தைக் கிழிக்கச் சொன்னவா, இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனமில்லை, பஸ்ஸும் ஹோன் அடிக்குது. ஒன்று மட்டும் கேட்டனான், எல்லாத்தையும் வித்துப்போட்டீரோ எண்டு. கொஞ்சப் பங்கு எனக்கெண்டு விட்டுவைச்சிருக்கிறாவாம். "அதுவும் இல்லாட்டி செவ்வாய்க்கிழமையில நீங்கள் வீட்டில நிண்டெல்லோ என்னோட கரைச்சல் படுவியள்" எண்டா.