விட்டுப்போச்சா அண்ணாச்சியும் அஞ்சரை மணி பஸ்ஸும்

எதிராளிக்கு முதலில் வக்காலத்து வாங்கிவிட்டு, பிறகு தன் கட்சியைப் பேசிய மனிதர், தாமிரபரணி புறப்படும் மலையிலிருந்து அது கடலில் சேரும் இடம்வரை ஒரே ஒருவர்தான். சீவலப்பேரியில் சைக்கிள் கடை வைத்திருந்த அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘விட்டுப்போச்சா அண்ணாச்சி’.

யார் வாதாடினாலும் குறுக்கே பேசமாட்டார். கேட்டு முடித்து, அதையே சொன்னவனைவிட அழகாகத் திருப்பிச் சொல்வார். “உம்ம கட்சி இதுதான வே? ஏதும் விட்டுப்போச்சா?” என்பார். எதிராளி “இல்லை” என்று ஒப்புக்கொண்டால்தான் தன் பதிலைத் தொடங்குவார். டீக்கடையில் பாதிப் பேர், தங்கள் கட்சி இவ்வளவு பலமானதா என்று பூரித்துப்போய், பதிலைக் கேட்காமலே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர் மனைவி இன்னும் கெட்டிக்காரி. “விட்டுப்போச்சு, யோசிச்சுச் சொல்லுதேன்” என்று மூன்று நாள் இழுத்தடித்தே ஜெயித்துவிடுவார்.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், திருநெல்வேலியிலிருந்து எங்களூருக்கு வரும் அஞ்சரை மணி டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதை விட்டால் எட்டு மணிக்குத்தான். “இருட்டுன பொறவு பொம்பளப்பிள்ள வரவேண்டாம். படிச்சது போதும்” என்று அப்பா என் தங்கையின் காலேஜுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அவள் அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

நாங்கள் ஐந்து பேர் பஸ் அதிகாரியைப் பார்க்கக் கிளம்பினோம். அண்ணாச்சியும் ஒட்டிக்கொண்டார். “அங்கன வந்து வாயத் தொறக்கப்படாது” என்று சத்தியம் வாங்கித்தான் கூட்டிப்போனேன். போன வேகத்தில் நான் மேஜையைத் தட்டினேன். அதிகாரி ஃபைலை மூடி, “வெளிய போங்க!” என்றார்.

அண்ணாச்சியின் சத்தியம் காற்றில் போயிற்று. “சார் பக்கமும் நியாயம் இருக்குல்லா. திரும்புகாலுல பஸ் காலி. டீசல் நட்டம். மழைக்கு ரோடும் மோசம்” என்று அடுக்கினார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்கவேண்டும்போல இருந்தது. “ஏதும் விட்டுப்போச்சா சார்?”

அதிகாரி ஃபைலைத் திறந்தார். “ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணாச்சி. அதையெல்லாம்கூடச் சமாளிச்சிரலாம். ஆறு மணிக்கு டிரைவருக்கு டூட்டி முடியுது. அஞ்சரைக்குக் கிளம்புனா அவர் வீடு போய்ச் சேர எட்டாயிருது. அவரும் மனுஷன்தான?”

இந்தக் காரணம் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

“நூத்துக்கு நூறு நியாயம் சார். அப்போ நாலரைக்கு விட்டா என்ன? பிள்ளைகளுக்குக் காலேஜ் நாலு மணிக்கே முடிஞ்சிருது. டிரைவரும் ஆறுக்குள்ள டிப்போவுக்கு வந்திருவாரு” என்றார் அண்ணாச்சி.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை, நாலரை மணி பஸ்ஸில் தங்கை வந்து இறங்கினாள். அப்பா காத்துநின்றார். அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு அண்ணாச்சியைப் போய்க் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்குப் போனேன். போனதும் வெட்கம் வந்து, “காத்து கம்மியா இருக்கு அண்ணாச்சி” என்றேன்.

அவர் டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லுப்போல இருந்தது. ஒன்றும் கேட்காமல், பம்பை எடுத்து, பையப் பைய இரண்டு அடி காற்றடித்துக் கொடுத்தார்.